முதலாம் அட்டவணை

சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமலே விலை சொல்கிறவனை நான் வளர்ந்த கடைத்தெருவில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் உட்காரவைத்துப் பேசமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவனுக்குத் தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. எங்கள் துறையில் அப்படி ஏழு அறைகள் இருந்தன. எட்டாவது அறையில் ஜெராக்ஸ் இயந்திரம். அந்த மாடியில் உள்ளே போனதை ஒழுங்காக வெளியே தருவது அது ஒன்றுதான்.

துறையின் பெயர் சர்வதேச அரசியல் பொருளாதாரம். எந்த நாடு எந்தச் சரக்குக்கு ஏன் வரி போடுகிறது, அந்த வரியால் யாருக்கு லாபம், யார் யாரை மிரட்டிச் சாதித்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் ஆராய்கிற படிப்பு. மொத்த நூல் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்த நான் இதில் போய்ச் சேர்ந்ததை அப்பா ஒரு நாள்பட்ட நோயைப் போலத்தான் விசாரிப்பார். "இன்னும் அதேதானா?" என்பார். ஆமாம் என்றால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

துறையின் மூத்த பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சராசரி. வாயைத் திறந்தால் "சராசரியாப் பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தாலும், வருடத்துக்கு எத்தனை நாள் காய்ச்சல் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்து நிம்மதி அடைகிற ஆள். அவர் ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடங்களில் ஆறு ஆய்விதழ்களில் வெளிவந்த இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளையும் எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கோட்பாட்டைச் சேர்ந்தது, எந்த ஆய்வு முறையில் எழுதப்பட்டது என்று வகை பிரித்து, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுவது. உலகத்தில் நடக்கும் வியாபாரத்தை ஆராய்ந்து சலித்தவர்கள், அதை ஆராய்கிறவர்களை ஆராய ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்து இவர்களை ஆராய ஒருவன் எங்கேயோ பென்சில் சீவிக்கொண்டிருப்பான்.

கோட்பாட்டுக்கு ஐந்து பெட்டிகள். அரசே எல்லாம், சந்தையே எல்லாம், வர்க்கமே எல்லாம், மனிதர்களின் எண்ணங்களே எல்லாம், கடைசியாக 'எதுவுமில்லை'. நான் மாணவனாக இருந்தபோது வர்க்கம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. தாடி வைக்காதவனுக்கு விடுதி உணவகத்தில் பக்கத்தில் இடம்கூடக் கிடைக்காது. பிறகு எண்ணங்கள் வந்தன. அதே ஆட்கள் தாடியை எடுத்துவிட்டு எண்ணங்களுக்கு மாறினார்கள். இப்போது 'எதுவுமில்லை'தான் ஓடுகிறது. கோட்பாடு என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். கையில் எண் இருக்கிறதா, கணினி இருக்கிறதா, போதும். துணிக்கடையில் சீசனுக்குச் சீசன் மாற்றுகிறவன் பழைய சரக்கைத் தள்ளுபடியில் போடுவான். இவர்கள் பழைய சரக்கை அடிக்குறிப்பில் போடுவார்கள்.

எல்லாச் சீசனிலும் ஓடிய கோட்பாடு ஒன்று உண்டு. ஒருவன் என்ன தொழில் செய்கிறான் என்று தெரிந்தால் போதும், அவனுக்கு எந்த வரி பிடிக்கும், எது பிடிக்காது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம் என்பது அது. வெளிநாட்டுச் சரக்கை வாங்கி விற்கிறவன் இறக்குமதி வரியை எதிர்ப்பான். சிறு பிள்ளைக்கும் புரியும். என் அப்பா விற்றது வெளிநாட்டு நூல். ஒரு வருடம் அவரே, வரி ஏறியே தீரவேண்டும் என்று ஒரு அதிகாரி வீட்டு வாசல் விடாமல் ஏறி இறங்கினார். கிடங்கு நிரம்பி வழிந்ததுதான் காரணம். வரி ஏறினால் உள்ளே கிடக்கிற ஒவ்வொரு மூட்டையும் தங்கம். இதை ஒரு கருத்தரங்கில் எழுந்து சொன்னேன்.

"உங்க அப்பா ஒரு விதிவிலக்கு," என்றார் சராசரி.

"பெரியப்பாவும் சித்தப்பாவும் அதையேதான் சார் பண்ணினாங்க."

"அப்ப மூணு விதிவிலக்கு," என்று சொல்லி உட்காரச் சொன்னார்.

கட்டுரைகளை வகை பிரிக்க இரண்டு பேர். ஒருவன் நான், அதே துறையில் ஒப்பந்த விரிவுரையாளன். மற்றவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் இருந்தால் அவருக்கும் தொல்லை வீட்டுக்காரம்மாவுக்கும் தொல்லை என்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவரை எல்லோரும் மேனேஜர் என்றே கூப்பிட்டோம். எதற்கு இரண்டு பேர் என்றால், ஒரே கட்டுரையை இருவரும் தனித்தனியாகப் படித்துக் குறிக்கவேண்டும். இருவர் குறித்ததும் ஒன்றாக இருந்தால் வகை பிரித்தது சரி என்று அர்த்தம். எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுவார்கள்.

முதல் மாதம் அறுபத்தொரு சதவீதம் வந்தது. சராசரி எங்களை அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டார்.

"அறுபத்தொண்ணு! வெளியில சொன்னா சிரிப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே கட்டுரையத்தானே படிக்கிறீங்க?"

"படிக்கிறதுதான் சார் பிரச்சினையே," என்றார் மேனேஜர்.

"எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பேசித் தீர்த்துக்குங்க. தொண்ணூறுக்குக் கீழ வந்தா ஒரு இதழும் தொடாது."

மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டோம். மேனேஜர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே நாட்டின் அறிவுத்துறை வளர்ச்சியைத் தீர்மானித்தார்.

"தம்பி, எனக்கும் உங்களுக்கும் சண்டை வர்றது எல்லாம் முறையிலதான். இந்த ஆள் எண்ணை வெச்சு எழுதினானா, நாலு பேரைப் பார்த்துப் பேசி எழுதினானான்னு தேடித் தேடிப் படிச்சா கண்ணு போயிடும். ஒரு அடையாளம் வெச்சுக்குவோம்."

"என்ன அடையாளம்?"

"கட்டுரைக்குள்ள அட்டவணை இருந்தா எண் முறை. அட்டவணை இல்லேன்னா நேர்காணல் முறை. கடன் மனு வந்தா நாங்க அப்படித்தான் பார்ப்போம். கையெழுத்து இருக்கான்னு பார்க்கிறது, திருப்பி அடிக்கிறது."

"அதனாலதான் உங்க வங்கி அந்த லட்சணத்துல இருந்துச்சா?"

"அது என் காலத்துக்கு அப்புறம்," என்றார் மேனேஜர், கொஞ்சமும் கோபப்படாமல்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சரி என்றும் சொன்னேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த மாதம் ஒப்புமை தொண்ணூற்று நாலு சதவீதம். சராசரிக்குத் தலைகால் புரியவில்லை. அட்டவணை விதியை நாங்கள் சொன்னதும் நெற்றியைத் தடவி, 'அட்டவணை வடிவிலான சான்று' என்று கௌரவமான பெயர் வைத்து, வழிகாட்டிக் குறிப்பேட்டில் தானே எழுதிச் சேர்த்தார். எங்கள் இருவருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். எங்கள் கடைத்தெருவில் இரண்டு கடைக்காரர்கள் ஒரே விலை சொன்னால், அதுதான் நியாயமான விலை என்று யாரும் நம்பமாட்டார்கள். காலையிலேயே பேசிவைத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். இங்கே அதற்கு அறிவியல் என்று பெயர்.

அறிக்கை தயாரானது. நேர்காணல் முறையின் கோடு பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் மாடிப்படியில் உருண்ட பாத்திரம்போல இறங்கியது. எண் முறையின் கோடு அதே வருடத்திலிருந்து எகிறியது. சராசரி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அறைக்கு வெளியே ஒட்டிவைத்தார்.

இதுவரை சொன்னது எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். ஆனால் என் மனைவியும் அதே துறை. ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே வருடம் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். அவளுக்கு அது பதினோராவது ஒப்பந்தம். நிரந்தரப் பணிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அந்த அக்டோபரோடு அவளுக்கு அது தாண்டிவிடும். பல வருடங்களுக்கு ஒருமுறைதான் துறைக்கு ஒரு நிரந்தர இடம் வரும். அது அந்த ஏப்ரலில் வந்தது. இது போனால் பிறகு அவளுக்கு எங்கும் இல்லை.

வந்த இடத்துக்கு நிர்வாகம் ஒரு வாலையும் ஒட்டி அனுப்பியிருந்தது: துறையின் சொந்த அறிக்கைப்படி எந்த ஆய்வு முறை வளர்கிறதோ, அந்த முறையில் வல்லவருக்கே இடம்.

என் மனைவியின் முறை, ஆட்களோடு உட்கார்ந்து கேட்பது. ஆறு வருடம் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் போய் உட்கார்ந்தாள். வந்து இறங்குகிற சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். அவள் கண்டுபிடித்தது இதுதான்: சட்டத்தில் எழுதியிருக்கிற வரி ஒன்று, கட்டுகிற வரி வேறு. ஒரு கன்டெய்னர் நிறைய பிளாஸ்டிக் பூ வந்தால் அது அலங்காரப் பொருளா, விளையாட்டுப் பொருளா, வெறும் பிளாஸ்டிக்கா? எந்தத் தலைப்பில் போடுகிறார்களோ அந்தத் தலைப்புக்குரிய வரி. நாடுகள் வருடக்கணக்கில் கோட்டு சூட்டு போட்டுப் பேசி முடித்த ஒப்பந்தத்தை, ஒரு ஏஜென்டும் ஒரு சுங்கப் பரிசோதகரும் வெயிலில் நின்றபடி பத்து நிமிடத்தில் மாற்றி எழுதிவிடுகிறார்கள். துறையில் நான் படித்த இரண்டாயிரம் கட்டுரைகளில் சரக்கைத் தொட்டுப் பார்த்து எழுதியது அது ஒன்றுதான். மனைவி என்பதால் இதைச் சொல்லவில்லை. மனைவி என்பதால் இதை அவளிடம் சொன்னதும் இல்லை.

அவளோடு போட்டிக்கு நின்றவன் ஒரு இளைஞன். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, தாலி கட்டப்போகிற வெட்கத்தோடு நடமாடுவதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். நூற்று அறுபது நாடுகள், நாற்பது வருடங்கள், அத்தனையும் அந்தக் கணினிக்குள். துறைமுகம் என்றால் அவனுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி.

அந்த வாரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, விண்ணப்பம் போட்டவங்க கட்டுரையையும் வகை பிரிச்சு அறிக்கையில சேர்க்கச் சொல்லிட்டாங்க. உங்க வீட்டம்மா கட்டுரை என்கிட்டதான் வந்துது. நீங்க பார்க்கக் கூடாதில்ல? ரெண்டாவது ஆளா சராசரி சாரே உட்கார்ந்தார். ரெண்டு பேரும் அச்சா ஒரே மாதிரி போட்டிருக்கோம்."

"என்ன போட்டீங்க?"

"எண் முறை."

"அவளையா?"

"முதலாம் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கே, பக்கம் ஆறுல."

பக்கம் ஆறில் இருந்தது அவள் பேசிய நாற்பத்தொரு பேரின் பட்டியல். யார், என்ன வேலை, எத்தனை தடவை, எத்தனை மணி நேரம். அவ்வளவுதான். பிறகு சராசரி ஒட்டிவைத்திருந்த படத்தின் முன்னால் போய் நின்றேன். கோடு சரிந்தது பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால். அந்த வருடம்தான் ஆய்விதழ்கள் ஒரு புது விதி போட்டன: நேர்காணல் செய்து எழுதுகிறவர்கள், யாரையெல்லாம் பார்த்தார்கள் என்று ஒரு அட்டவணை தரவேண்டும். அன்றிலிருந்து நேர்காணல்காரர்கள் எல்லோரும் அட்டவணை போட்டார்கள். அன்றிலிருந்து நானும் மேனேஜரும் அவர்கள் எல்லோரையும் எண் முறையில் தள்ளிக்கொண்டிருந்தோம். கோடு சரியும் இடத்திலிருந்து நாற்பது கட்டுரைகளை எடுத்துப் புரட்டினேன். 'எண் முறை' என்று நாங்கள் குறித்த அந்த நாற்பதில் முப்பத்தொன்று நேர்காணல். ஒரு முறை அழிந்துகொண்டிருக்கிறது என்று நாங்கள் அறிவித்திருந்தோம். அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. செத்தது எங்கள் படிப்பு.

பட்டியலை எடுத்துக்கொண்டு சராசரியின் அறைக்குப் போனேன். படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

இது உண்மையா என்று அவர் கேட்கவில்லை. எதிரில் இருப்பவன் கேட்கிற முதல் கேள்வியிலேயே அவன் எவ்வளவு தூரம் இறங்கி வருவான் என்பது தெரிந்துவிடும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதுவரைக்கும் இல்ல சார்."

"தொண்ணூத்தி நாலு சதவீதம். ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்து..."

"தனித்தனியாத்தான் சார். ஒரே மேஜையில."

"அடுத்த மாசம் மாநாடு. என் பேர் போட்டு அழைப்பிதழே அடிச்சாச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணுமே வேண்டாம். அறிக்கை சொல்றபடி நடந்துக்குங்க, போதும். அறிக்கை என் மனைவியை எண் முறைன்னு சொல்லுது."

கண்ணாடி துடைப்பது நின்றது.

"அவங்க எண் முறை இல்லையே."

"ரெண்டாவது ஆளா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஒரே ஒரு அட்டவணைதான் இருக்கு."

"ஒண்ணு இருந்தா போதும்னு குறிப்பேட்டுல எழுதினதும் நீங்கதான் சார்."

கூரையைப் பார்த்தார். "சராசரியாப் பார்த்தா," என்று ஆரம்பித்து, வாக்கியத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார். பிறகு, "அதுல தப்பில்லதான்," என்று முடித்தார். பட்டியலை மடித்துத் தன் இழுப்பறைக்குள் போட்டார். நான் தடுக்கவில்லை. பிழையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை, அவர் என் மனைவியை எண் முறை வல்லுநராகக் குழுவின் முன் நிறுத்துவார். ஐந்து நிமிடத்தில் முடிந்த வியாபாரம். வெளியே வரும்போது எனக்குக் கொம்பு முளைத்திருந்தது. இத்தனை வருடம் இவர்கள் என் தலையில் அரைத்த மிளகாயை ஒரே மூச்சில் திருப்பி அரைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். சொல்லாவிட்டால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு விஷயமே தெரியாது. கடையில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த அன்று அவள் கடிதத்தோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னையும் கூப்பிட்டிருக்காங்கடா."

"கூப்பிடாம?"

"உன் அறிக்கைப்படி நான் அழிஞ்சுபோன இனமாச்சே."

"ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்னு நினைச்சிருப்பாங்க."

"நீ ஏதாவது பண்ணினியா?"

"நான் யாரு? ஒப்பந்தக் கூலி. நான் சொல்லி அங்க யார் கேட்கப்போறா?"

"நீ பணிவாப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வருது," என்றாள். ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. அன்றைக்கே அலமாரியைத் திறந்து எந்தப் புடவை என்று பார்க்க ஆரம்பித்தாள். பதினோரு வருடத்தில் அவள் அந்த வேலையை எவ்வளவு விரும்பினாள் என்பது அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. பேசப்போகிற இருபது நிமிடத்தை நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள்.

தேர்வு துறையின் கருத்தரங்கு அறையில். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் நானும் மேனேஜரும் கடைசி வரிசையில் இருந்தோம். குழுவில் சராசரி, நிர்வாகத்திலிருந்து தூங்குவதற்காகவே அனுப்பப்பட்ட ஒருவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வெளி நிபுணராக ஒரு அம்மாள்.

முதலில் மாப்பிள்ளை. நூற்று அறுபது நாடுகளும் திரையில் புழுப்போல நெளிந்தன. எந்த நாட்டின் எந்தத் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டாலும், "அது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரின்னு நிலையா வெச்சிருக்கேன்," என்றான். நிர்வாகத்துக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு என் மனைவி. பிளாஸ்டிக் பூவில் ஆரம்பித்தாள். பரிசோதகர் ஒரு பூவைப் பிய்த்து மோந்து பார்த்ததை, ஏஜென்ட் "சார், வாசனை வந்தா எனக்கும் சொல்லுங்க" என்றதை, அந்தச் சிரிப்பிலேயே தலைப்பு மாறிப்போனதைச் சொன்னாள். நிர்வாகத்துக்காரர் விழித்துக்கொண்டார். தண்ணீர் வைக்க வந்த அலுவலக உதவியாளர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். மேனேஜர் என் தொடையைத் தட்டி, "நல்லா இருக்கே தம்பி! கட்டுரையிலயும் இப்படித்தான் இருக்குமா?" என்று கிசுகிசுத்தார். அவர் அதை வகை பிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இருபது நிமிடம் முடிந்ததும் சராசரி எழுந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது.

"குறிப்பாப் பாராட்ட வேண்டியது இவங்க ஆய்வு முறையை. எண் முறையை ரொம்ப நேர்த்தியாக் கையாண்டிருக்காங்க. முதலாம் அட்டவணையைப் பார்த்தீங்கன்னா தெரியும்." திரையில் அதைப் போடவும் செய்தார்.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். யாரோ தன் வீட்டுப் பாத்திரத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் பார்ப்பவள்போல இருந்தது அவள் பார்வை.

"சார், இது நான் பேசின ஆளுங்களோட பட்டியல்."

"அதேதான். நாற்பத்தொரு பேர். மணி நேரம்கூடப் போட்டிருக்கீங்க. சராசரி எடுத்தா..."

"எடுக்கலாம் சார், ஒன்பது மணி நேரம் வரும். அதுல ஒருத்தர் லாரி டிரைவர், பத்து நிமிஷம் நின்னு பேசினார். ஒருத்தர் ஏஜென்ட், ஆறு வருஷமா இன்னும் பேசி முடிக்கல. ஒன்பது மணி நேரம் பேசின ஆள்னு அங்க ஒருத்தருமே கிடையாது."

அறை சிரித்தது. சராசரியும் கண்ணைச் சிமிட்டி, ஒத்துக்கொள்ளம்மா என்பதுபோலத் தலையை ஆட்டினார். வெளி நிபுணர் அம்மாள் மட்டும் சிரிக்காமல் தன் தாளைப் புரட்டினார்.

"ஒரு நிமிஷம். எங்களுக்குக் கொடுத்த குறிப்புல உங்க முறை எண் முறைன்னுதானே இருக்கு?"

"யாருங்க எழுதினது?"

"துறையோட அறிக்கைம்மா," என்றார் சராசரி. "எங்க ஆளுங்க வகைப்படுத்தினது."

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஆறு வருடம் ஏஜென்டுகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவள். சரக்கைத் தப்பான தலைப்பில் வெளியே எடுக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கூரையில் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன். அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்டோபர் வந்தாலும் பயமில்லை, அறுபது வயதுவரை அறை, நாற்காலி, பெயர்ப்பலகை. எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"இல்லீங்க," என்றாள். "எண் முறை இல்ல. ஆளுங்களோட உட்கார்ந்து கேட்டு எழுதினது. இதை எண் முறைன்னு போட்டவங்க கட்டுரையைப் படிக்காம போட்டிருக்கணும், இல்ல படிச்சிட்டுத் தெரிஞ்சே போட்டிருக்கணும். படிக்காம போட்டிருந்தா பரவால்ல."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவர் பரவாயில்லை ரகம்.

இடம் மாப்பிள்ளைக்குப் போனது. குழுவின் குறிப்பில் என் மனைவியைப் பற்றி ஒரே வரி: 'விண்ணப்பதாரருக்குத் தமது ஆய்வு முறை குறித்தே போதிய தெளிவில்லை.' அந்த அறையில் தெளிவாக இருந்தது அவள் ஒருத்திதான்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் அவள்தான் முதலில் பேசினாள்.

"என்னை எந்தத் தலைப்புல வெளிய எடுக்கப் பார்த்த?"

"வேலை கிடைச்சிருக்கும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

"எனக்கில்ல. எண் முறைக்காரி ஒருத்திக்கு. அவளுக்குக் கிடைச்சிருக்கும், அவ பாடத்தை நான் பதினஞ்சு வருஷம் நடத்தியிருக்கணும். அடுத்த அறிக்கையில என்னையும் ஒரு புள்ளியா வெச்சுக் கோட்டை இன்னும் மேல ஏத்தியிருப்பீங்க." பேருந்து வந்தது. ஏறினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்ப."

"அதுக்குத்தான் கேட்பாங்க," என்று சொல்லி, பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் சராசரியின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தேன். நமக்குள் பேசிய வியாபாரம் முடிந்தது, அறிக்கையைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிழையை நானே எழுதி வெளியிடுவேன் என்றேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததால் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அவர் மகிழ்ந்துபோனார். இது நான் எதிர்பார்க்காதது.

"எழுதுங்க! நானும் சேர்ந்துக்கறேன். 'வகைப்படுத்தலில் நேரும் பிழைகள்.' இப்ப எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. நல்ல இதழ்ல வரும்."

"அப்ப அறிக்கை?"

"அது இருக்கட்டும். அறிக்கையே இல்லேன்னா எதுல பிழை கண்டுபிடிப்பீங்க?"

இழுப்பறையைத் திறந்து என் பட்டியலை எடுத்து, மடிப்பை நீவி மேஜைமேல் வைத்தார். காபி சொல்லட்டுமா என்று கேட்டார். நான் எழுந்து போயிருக்கவேண்டும். கால் எழுந்திருக்கவில்லை. வாய் மட்டும், காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைவாக என்றது.

செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் என் மனைவி அறையைக் காலி செய்தாள். அது தனி அறைகூட இல்லை, இரண்டு பேருக்கு ஒரு மேஜை. நான் போனபோது பழைய குறிப்பேடுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏஜென்ட் போன் பண்ணினார்," என்றாள். "அவர் ஆபீஸுக்கு வர்றியான்னு கேட்கிறார்."

"போறியா?"

"போனா தப்பான தலைப்புல எழுதச் சொல்வார். அதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு." நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சராசரி உன்னை எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்?"

சொன்னேன். பிழையைப் பற்றிக் கட்டுரை, அவரும் நானும் சேர்ந்து, உன் அட்டவணைதான் முதல் எடுத்துக்காட்டு என்றேன். கடைசி வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அவள் திட்டவில்லை. ஒரு பெட்டியை ஒட்டி முடித்தாள். கேட்டது ஒரே கேள்விதான்.

"யார் பேரு முதல்ல?"

"என்னுது," என்றேன். "அரை மணி நேரம் பேச வேண்டியிருந்துச்சு."

"நல்லாப் பேசியிருக்க," என்றாள். மூன்று பெட்டிகளில் கனமானதைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றும் சொன்னாள்.